மூன்றாவது சரணம்

1970 ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எல்பினிகி தன் ஊத் வாத்தியத்துக்குப் புதுத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தாள். கிரேக்க நாட்டுத் தெசலோனிகி துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஸ்டெர்யோஸ் நடத்திவந்த சாப்பாட்டு விடுதி அது. சாயங்காலமானால் அங்கேயே மேடை போட்டுப் பாட்டு நடக்கும். நாற்காலிகளெல்லாம் மேஜைகளின் மேல் தலைகீழாக ஏறியிருந்தன. கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. அந்த ஈரத்தில் இரண்டு ஜோடி பூட்ஸுகள் வந்து நின்றன.

"எல்பினிகி செமெர்ஜிடு யாரு?"

"நான்தான்."

"கொஞ்சம் வந்துட்டுப் போங்க. சின்ன விசாரணை."

சமையல்கட்டிலிருந்து ஸ்டெர்யோஸ் கையில் கத்தியோடு எட்டிப் பார்த்தார். "என்ன விஷயம்னு நான் தெரிஞ்சுக்கலாமா, தம்பிகளா?"

"நீங்க உள்ள போய்க் கீரையை நறுக்குங்க."

ஸ்டெர்யோஸ் உள்ளே போனார். கீரை நறுக்கும் சத்தம் கேட்கவில்லை.

எல்பினிகி வாத்தியத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ராணுவத்துக்காரர்கள் ஆட்சியைப் பிடித்து மூன்று வருடமாகியிருந்தது. அவளுடைய அண்ணன் ப்ரோத்ரோமோஸையும் இப்படித்தான் அழைத்துப்போனார்கள். புகையிலைக் கிடங்கில் சங்கம் வைத்திருந்தவன் அவன். 'அஞ்சு நிமிஷ வேலை' என்று சொல்லிக் கூட்டிப்போய் ஒரு தீவுச் சிறையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். அவன் சட்டை இன்னும் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது.

எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். 'உப்பு'. அந்தப் பாட்டின் மூன்றாவது சரணம்.

வண்டியில் போகும்போது அந்தச் சரணத்தின் வரிகள் அவள் மண்டைக்குள் தானாகவே ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை.

எல்பினிகி நாலு மொழியில் பாடுகிறவள். அதைப் பெரிய வித்தை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவள் அப்பா அம்மா துருக்கியின் கப்பதோக்கியாவிலிருந்து வந்த கிரேக்க அகதிகள். கோயிலில் கும்பிட்டது கிரேக்க மொழியில், வீட்டில் சண்டை போட்டது துருக்கி மொழியில். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'துருக்கிச்சி, துருக்கிச்சி' என்று பின்னலைப் பிடித்து இழுப்பார்கள். அம்மா பாட ஆரம்பித்தால் முதலில் ஜன்னலைச் சாத்துவாள். வெயில் காலத்திலும் சாத்துவாள். அந்தப் புழுக்கத்தில் கேட்ட பாட்டுகள்தான் எல்பினிகிக்கு முதலில் கிடைத்த சொத்து.

பதினைந்து வயதில் சட்டை தைக்கும் பட்டறைக்கு வேலைக்குப் போனாள். அங்கே அவளுக்கு எதிர் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் ரெய்னா. இருபத்தேழு வயது. யூத வீட்டுப் பெண். போருக்கு முன் அந்த ஊரில் பாதிக் கடைகள் சனிக்கிழமை மூடிக்கிடக்கும். அத்தனை யூதர்கள் இருந்தார்கள். ஒரே வசந்த காலத்தில் ஜெர்மானியர்கள் அவர்களை ரயிலேற்றிப் போலந்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர்கள் மிகக் கொஞ்சம். ரெய்னாவின் வீட்டில் ஏழு பேர், வந்தது அவள் ஒருத்தி. ஆடிக் காற்றானாலும் ஆவணி வெயிலானாலும், முகாமில் கையில் பச்சை குத்திய எண் தெரியாதபடி முழுக்கைச் சட்டைதான் போடுவாள். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

ஆனால் மெஷினைத் திட்டுவாள். அவர்களுடைய முன்னோர்கள் நானூறு வருடங்களுக்கு முன் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த பேச்சில் திட்டுவாள். எஸ்பான்யோல் என்று அதற்குப் பெயர். எல்பினிகி அந்த மொழியில் கற்றுக்கொண்ட முதல் வாக்கியமே, "உன் கண்ணு அவிஞ்சுபோக, நூலை விடு" என்பதுதான்.

ஒரு நாள் தன் நூல் சிக்கிக்கொண்டபோது அதையே உரக்கச் சொல்லிவிட்டாள். பட்டறையே திரும்பிப் பார்த்தது. ரெய்னா வாயில் வைத்திருந்த குண்டூசிகளைக் கீழே துப்பிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"அடி இவளே! எங்கம்மா குரல்ல திட்டுற!"

அன்றிலிருந்து ரெய்னாக்காவும், அவள் 'நிக்கி' என்று கூப்பிட்ட எல்பினிகியும் மெஷின் சத்தத்துக்கு மேலே அந்தப் பேச்சில்தான் பேசிக்கொள்வார்கள். மேஸ்திரிக்கு ஒரு வார்த்தை புரியாது. அவன் தலைமுடியைப் பற்றி அவர்கள் பேசாத பேச்சில்லை.

இருபத்துமூன்று வயதில் எல்பினிகி பெய்ரூத்துக்குப் போனாள். ஓர் ஓட்டலில் வாசிக்கும் கிரேக்க இசைக்குழுவுக்குப் பாட ஒரு பெண் தேவைப்பட்டாள். மூன்று வருடம் அங்கே இருந்தாள். அரபி கற்றுக்கொண்டாள், ஊத் கற்றுக்கொண்டாள், கால் ஸ்வரத்தில் குரலை எப்படி நிறுத்துவது என்று கற்றுக்கொண்டாள். திரும்பி வந்து ஸ்டெர்யோஸின் மேடையில் சொந்தப் பாட்டுகளைப் பாடத் தொடங்கினாள். கிரேக்கத்தில் ஆரம்பிக்கும் பாட்டு பாதி வரியில் துருக்கிக்குள் போகும், அரபியில் வெளியே வரும். ஒரு பத்திரிகைக்காரர் 'இது இசையா, சந்தைக் கடையா?' என்று எழுதினார். எழுதிய வாரத்திலிருந்து உட்கார இடமில்லாமல் கூட்டம் வந்தது. இந்த ஊரில் யார் வீட்டில்தான் சமையல்கட்டில் ஒரு பேச்சு, வாசலில் ஒரு பேச்சு இல்லை?

'உப்பு' போன வருடம் பிறந்த பாட்டு. அண்ணனுக்குக் கம்பளிக் காலுறைகளும் ஜாடி நிறைய ஆலிவ் காயும் வைத்து அனுப்பிய பொட்டலம், பிரித்துப் பார்க்கப்பட்டு, முத்திரை குத்தித் திரும்பி வந்தது. ஒரு காலுறை குறைந்தது. எல்பினிகி அந்த ஒற்றைக் காலுறையை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். சாயங்காலத்துக்குள் பாட்டு முடிந்திருந்தது.

கிரேக்கச் சரணத்தில் ஒருத்தி கரையில் நின்று படகுகளிடம் விசாரிக்கிறாள். துருக்கிச் சரணத்தில் காபி வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். 'யா பஹர், யா பஹர்' என்று கடலைக் கூப்பிடும் அரபிப் பல்லவி. இவையெல்லாம் எந்தக் காதலிக்கும் பொருந்தும். உண்மையை மூன்றாவது சரணத்தில் வைத்தாள், எஸ்பான்யோலில்:

கம்பிக்குப் பின்னே நிற்கும் என் அண்ணா,
உன்னைப் பூட்டியவன் கையில் சாவி துருவேறட்டும்.

அப்போதெல்லாம் இசைத்தட்டுக்குப் போகும் ஒவ்வொரு பாட்டையும் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். வேற்றுமொழி வரியானால் அதன் கிரேக்க அர்த்தம் மட்டும், மூன்று பிரதி. எல்பினிகி அந்த அலுவலகத்தின் நீண்ட மேஜை ஓரத்தில் நின்றபடியே அர்த்தம் எழுதினாள். எர்மானோ என்றால் அண்ணன். அந்தச் சொல் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வெரானோ என்ற சொல் வந்தது. அது கோடை. யாவே என்றால் சாவி. அதன் பின்னாலேயே நாவே வந்தது. அது கப்பல். காது சொன்னதைக் கை எழுதிவிட்டது:

கோடை வந்ததும் வரும் என் மாப்பிள்ளை,
அவனை ஏற்றிவரும் கப்பல் கரை சேரட்டும்.

முத்திரை விழுந்தது. இசைத்தட்டு வந்தது. இரண்டு மாதத்தில் பேருந்து நடத்துனர்கூட 'யா பஹர்' பாடினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவளைக் கொண்டுபோய் நிறுத்திய, கேப்டன் வெர்கோஸ் என்கிற அதிகாரியின் அறை சுத்தமாக இருந்தது. மேஜைமேல் ஒரு சின்ன கிராமபோன் பெட்டி. பக்கத்தில் 'உப்பு' இசைத்தட்டு. அவள் எழுதிக் கொடுத்த தாள், முத்திரையோடு. வயிற்றுக் கோளாறுக்காரர் போல, மூலிகைத் தேநீரைக் கண்ணை மூடிச் சிறு சிறு வாயாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காரும்மா. நல்ல பாட்டு போட்டிருக்கே. என் வீட்டுக்காரி சமைக்கும்போதெல்லாம் இதைத்தான் முணுமுணுக்கிறா."

"ரொம்ப நன்றி, ஐயா."

"நன்றியெல்லாம் அப்புறம். அவ என்ன முணுமுணுக்கிறான்னு எனக்குத் தெரியணுமா இல்லையா?" மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "ஊர் பேர் இல்லாத கடுதாசி. மூணாவது சரணத்துல அரசாங்கத்தைச் சபிச்சிருக்காங்கன்னு எழுதியிருக்கு. யாரு எழுதினதுன்னு என்னைக் கேக்காதே, எனக்கும் தெரியாது."

"பொறாமையில எழுதியிருப்பாங்க, ஐயா."

"இருக்கும். துருக்கி வரி எனக்கே புரியும். எப்படிப் புரியும்னும் கேக்காதே." தேநீரை வைத்தார். "அரபிக்காக ஒரு கப்பல்காரனைக் கேட்டாச்சு, கடலேங்கிறதைத் தவிர ஒண்ணுமில்லையாம். மிச்சம் இந்த யூதப் பேச்சு. அதுக்கு ஆள் வரவழைச்சிருக்கேன்."

கதவு திறந்தது. காவலன் ஒருவன் முன்னால் வர, பின்னால் ரெய்னா வந்தாள்.

எல்பினிகி எழுந்துவிடாமல் இருக்க நாற்காலியின் அடிப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ரெய்னாவின் சட்டைத் தோளில் துணித் தும்பு ஒட்டியிருந்தது. தைத்துக்கொண்டிருந்தவளை அப்படியே எழுப்பிக் கூட்டிவந்திருக்கிறார்கள். முகத்தில் நிறமே இல்லை. சுவரை ஒட்டி நின்றாள். எல்பினிகியைப் பார்த்தாள், முன்பின் தெரியாதவளைப் பார்ப்பது போல அவள் கண் கடந்து போயிற்று.

"பயப்பட வேண்டாம்மா," என்றார் கேப்டன் ரெய்னாவிடம். "உங்க ஆளுங்க பட்டியல் ஒண்ணு இருக்கு. அதுல இருந்து உங்க பேரை எடுத்தோம்."

'பட்டியல்' என்ற சொல்லைக் கேட்டதும் ரெய்னாவின் கை, சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது.

"ஒரு பாட்டு போடுவேன். கேக்கணும். கேட்டதைக் கேட்ட மாதிரியே கிரேக்கத்துல சொல்லணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இந்தம்மாவைத் தெரியுமா?"

"ரேடியோவுல கேட்டிருக்கேன்."

முள் தட்டில் இறங்கியது. தன் குரலே அறைக்குள் வந்தது. முதல் சரணம், பல்லவி, இரண்டாவது சரணம். எல்பினிகிக்கு அந்தப் பாட்டு அவ்வளவு நீளம் என்று அன்றுவரை தெரியாது. மூன்றாவது சரணம் வந்தது. எர்மானோ என்ற சொல் விழுந்தபோது ரெய்னாவின் இமை ஒரு தரம் அடித்தது. அவ்வளவுதான். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எல்பினிகிக்கும் புரிந்தது. ஆனால் கேப்டன் கையிலிருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது ரெய்னாவுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் எல்பினிகி தீவுக்குப் போவாள். பொய் சொல்லி அது தாளோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பேரும் போவார்கள்.

கேப்டன் முள்ளைத் தூக்கினார். "சொல்லுங்க."

"சரியாக் கேக்கல, ஐயா. வயலின் சத்தம் அமுக்குது."

மறுபடி போட்டார். மறுபடி எர்மானோ, மறுபடி யாவே.

"சொல்லுங்கம்மா. எனக்கு வேற வேலை இருக்கு."

"இந்தப் பொண்ணுக்கு நாக்கு திரும்பலை, ஐயா," என்றாள் ரெய்னா. "எங்க பேச்சைப் பல்லைக் கடிச்சுப் பேசுறா. பாதி வார்த்தை என்னன்னே தெரியல. தெரியாததைத் தெரியும்னு எப்படிச் சொல்றது?"

கேப்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எல்பினிகி பக்கம் திரும்பினார்.

"அப்ப நீயே பாடு. மெதுவா. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா விழணும்."

எல்பினிகி எழுந்து நின்றாள். ஒரே ஒரு வழிதான் இருந்தது. கேப்டன் அந்தச் சரணத்தை இப்போதுதான் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். அர்த்தம் தெரியாவிட்டாலும் காது இருக்கிறது, துருக்கி தெரிந்த காது. அந்தக் காதுக்கு அதே ஓசையாக இருக்க வேண்டும். ரெய்னாவின் காதுக்கோ தாளில் உள்ள அர்த்தமாக இருக்க வேண்டும். யோசிக்க நேரமில்லை. வாயைத் திறந்தாள்.

எர்மானோ இருந்த இடத்தில் வெரானோ வைத்தாள். மெட்டு கெடவில்லை. அடுத்த வரி வருவதற்குள் மாப்பிள்ளையைக் கொண்டுவர வேண்டும். அதற்கு மூச்சை ஒரு அசை தள்ளி எடுத்தாள். கம்பி வந்த இடத்தை ஓர் இழுப்பில் மறைத்தாள். யாவேயின் இடத்தில் நாவே வந்து உட்கார்ந்தது. துருவேறட்டும் என்ற சொல்லுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசி வரி நெருங்கிக்கொண்டே வந்தது. நெருங்கி வந்தபின், பட்டறையில் ரெய்னா மேஸ்திரியைப் பார்த்துச் சொல்லும் ஒரு சொல் எங்கிருந்தோ வந்து விழுந்தது: 'வந்து சேரட்டும்.' மேஸ்திரி சம்பளக் கவரோடு எப்போது வருவானோ என்று முனகும்போது சொல்வது. அதை வைத்து முடித்தாள்.

வெளியே தெருவில் தர்பூசணி விற்கிறவன் கத்திக்கொண்டு போனான்.

"இப்ப கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, ஐயா."

"சொல்லுங்க."

"கோடை வந்தா என் மாப்பிள்ளை வருவான்னு ஆரம்பிக்குது." ரெய்னா தரையைப் பார்த்துச் சொன்னாள். "அவன் ஏறின கப்பல் வந்து சேரட்டும்னு முடியுது. கல்யாணப் பாட்டு மாதிரி இருக்கு."

கேப்டன் தாளில் விரலை வைத்து வரி வரியாக ஓட்டினார். விரல் கடைசி வரியில் நின்றது. நிமிர்ந்தார்.

"தட்டுல இருந்ததும் இவ இப்பப் பாடினதும் ஒண்ணுதானா?"

எல்பினிகி கண்ணை மூடிக்கொண்டாள். இந்தக் கேள்விக்கு அவள் எந்தப் பாட்டாலும் பதில் சொல்ல முடியாது.

ரெய்னா மணிக்கட்டுப் பொத்தானை ஒரு தரம் அவிழ்த்தாள், மறுபடி மாட்டினாள்.

"ஒண்ணுதான், ஐயா. தட்டுல அவசரமாப் பாடியிருக்கா. ஆனா இலக்கணம் ரெண்டுலயும் தப்பு."

கேப்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அதை எழுதச் சொன்னார். ரெய்னா சொன்னது முழுதும் தட்டச்சில் ஏறியது. அடியில் அவள் கையெழுத்து, முகவரி, பிறந்த வருடம். கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு தடவை காகிதத்தைக் கிழித்தது.

எல்பினிகியிடம் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்: "மாப்பிள்ளையோ கப்பலோ, எனக்குத் தலைவலி. இந்தத் தட்டு கடைகள்ல இருக்காது. இனிமே நீ மேடையில பாடுறது கிரேக்கம் மட்டும். ஒரு வார்த்தை வேற பேச்சு கேட்டுச்சுன்னா, அடுத்த தடவை மொழிபெயர்ப்பாளர் வர மாட்டாங்க. புரியுதா?"

புரிந்தது.

வெளியே வந்தபோது ரெய்னா பேருந்து நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தாள். எல்பினிகி ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"ரெய்னாக்கா! அக்கா, நில்லுங்க. நீங்க மட்டும் இல்லைன்னா..."

"பக்கத்துல வராதே. யாராவது பாக்கப் போறாங்க."

"உங்களைக் கூப்பிடுவாங்கன்னு நான் கனவுலகூட நினைக்கல, சத்தியமா."

ரெய்னா நின்றாள். கோபத்தில் அவள் எஸ்பான்யோலில் பேசவில்லை, கிரேக்கத்தில் பேசினாள். அது எல்பினிகியை இன்னும் தள்ளி நிறுத்தியது.

"ஏன் எங்க பேச்சுல எழுதினே? சொல்லு. துருக்கியில எழுதியிருக்கலாம். அரபியில எழுதியிருக்கலாம்."

"அது... அதுதான் யாருக்கும் புரியாதுன்னு..."

"ஆமா. யாருக்கும் புரியாது. ஏன் புரியாது?"

எல்பினிகி பேருந்து வரும் வழியைப் பார்த்தாள்.

"நாங்க செத்துப்போனதால புரியாது. அது உனக்கு வசதியாப் போச்சு. எங்கம்மா இருந்திருந்தா, எங்க தெரு இருந்திருந்தா, அந்தப் பாட்டு வந்த அன்னிக்கே ஊர் பூரா தெரிஞ்சிருக்கும். நீ எழுதியிருக்கவே மாட்டே." ரெய்னா தெருவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்குக் காலையில கதவைத் தட்டினாங்க. திறந்தா யூனிஃபார்ம். பேரைக் கேட்டாங்க, கையில பட்டியல். நான் எங்கே போறோம்னு கேக்கலடி. கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டேன். ஜூன் மாசத்துல, குளிர் கோட்டு. ரயில் குளிரும்னு."

பேருந்து வந்தது. அவள் ஏறிப்போனாள். அவள் கைமேல் ஒரு கம்பளிக் கோட்டு மடித்துக் கிடந்ததை அப்போதுதான் எல்பினிகி பார்த்தாள்.

அதற்குப் பிறகு நாலு வருடம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்த நாலு வருடமும் எல்பினிகி கிரேக்கத்தில் மட்டும் பாடினாள். ஓரமாக உள்ள மேஜையில் இரண்டு பேர் தினமும் உட்கார்ந்து ஒரே ஒரு புட்டி சோடாவை மூன்று மணி நேரம் குடிப்பார்கள். கூட்டத்திலிருந்து யாராவது, "யா பஹர் பாடும்மா!" என்று கத்தினால் அவளுக்கு வியர்த்துவிடும். ஸ்டெர்யோஸ் ஓடிப்போய் அந்த மேஜைக்கு வறுத்த மீன் கொடுத்து வாயை அடைப்பார். ஒரு தடவை தும்மல் வந்து, அம்மா வழக்கப்படி துருக்கியில் 'நல்லா இரு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று முழுக்க யாராவது வருவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. பெய்ரூத்திலிருந்து அழைப்பு வந்தது. கடவுச்சீட்டு தர மறுத்துவிட்டார்கள். புதுப் பாட்டு எதுவும் வரவில்லை. ஒரு மொழியில் மட்டும் யோசித்தால் அவளுக்கு மெட்டு வராது. அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

எழுபத்தொன்றில் ப்ரோத்ரோமோஸை விட்டார்கள். பாதி ஆளாக, இருமலோடு வந்தான். முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் எல்பினிகி குரலைத் தாழ்த்தி மூன்றாவது சரணத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அந்தப் பாட்டா? என்னைப் பத்தியா அது?"

"உன்னைப் பத்திதான், அண்ணா."

"நாசமாப் போச்சு! காவல்காரன் டிரான்சிஸ்டர்ல அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டான். தினம் சாயங்காலம் அதைப் பாடிக்கிட்டேதான் எங்களை உள்ள தள்ளிப் பூட்டுவான். இது என் தங்கச்சி பாட்டுடான்னேன். உன் மூஞ்சிக்கு அவ தங்கச்சியான்னு ஒரு உதை விட்டான்." சிரித்தான், இருமினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "அதுல என் பேரையாவது போட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எழுபத்துநாலு ஜூலையில் ராணுவ ஆட்சி கவிழ்ந்தது. ஜனங்கள் தெருவில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் இசைத்தட்டுக் கம்பெனி எல்பினிகியைக் கூப்பிட்டு 'உப்பு' பாட்டை மறுபடி வெளியிடலாம் என்றது. செப்டம்பரில் திறந்தவெளி அரங்கில் ஒரு கச்சேரியும் ஏற்பாடாயிற்று. அவள் நேராக ரெய்னாவிடம் போனாள். ரெய்னா இப்போது சந்தைக்குப் பக்கத்தில் துணி திருத்தும் சின்னக் கடை வைத்திருந்தாள்.

ரெய்னா நிமிர்ந்து பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை வைக்கவில்லை.

"என்ன தைக்கணும்?"

"ஒண்ணும் தைக்க வேண்டாம், அக்கா. கேக்க வந்தேன். அந்தச் சரணத்தைப் பாடலாமா? நீங்க வேண்டாம்னா எடுத்துடுறேன். அந்த இடத்துல ஊத் மட்டும் வாசிச்சுக்கிறேன்."

"நான் கையெழுத்துப் போட்டவ. பொய்ச் சாட்சி. நாலு வருஷமா மாடிப்படியில செருப்புச் சத்தம் கேட்டா விளக்கை அணைச்சுட்டு உக்காந்திருப்பேன். அது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. வந்து கேக்கவும் எனக்குத் தைரியம் இல்ல."

இஸ்திரிப் பெட்டி துணிமேல் போய் வந்தது. நீராவி எழுந்தது. எல்பினிகி வாசலில் நின்றபடியே இருந்தாள். ரெய்னா அவளை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

"எழுதுறியா?" என்றாள் ரெய்னா கடைசியில்.

"என்னது?"

"தட்டோட அட்டையில. எங்க பேச்சுல என்ன பாடுறியோ அதை அப்படியே, கிரேக்க எழுத்துல. பக்கத்துல அர்த்தம், நிஜமான அர்த்தம். இது இன்ன மொழி, இந்த ஊர்ல இத்தனை பேர் பேசினாங்கன்னு. யாருக்கும் புரியாத பாட்டா அது இருக்கக் கூடாது."

"எழுதுறேன்."

"இலக்கணத்தையும் திருத்தணும். அன்னிக்கு நான் சொன்னதுல அது ஒண்ணுதான் நிஜம்."

தையல் சாக்கட்டியால் ஒரு கறுப்புத் துணியில் ரெய்னா வார்த்தைகளைத் திருத்தி எழுதினாள். எல்பினிகி அதைத் தாளில் பார்த்து எழுதிக்கொண்டாள்.

கச்சேரி அன்று நாலாயிரம் பேர் வந்தார்கள். ப்ரோத்ரோமோஸ் முன்வரிசையில் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரெய்னா வரவில்லை. வாசலில் போலீஸ் நிற்கும் இடத்துக்குத் தன்னால் வர முடியாது என்று சொல்லிவிட்டாள். 'உப்பு' தொடங்கியது. முதல் சரணம் போயிற்று, இரண்டாவது போயிற்று, நாலாயிரம் பேரும் 'யா பஹர்' என்றார்கள். மூன்றாவது சரணத்துக்கு எல்பினிகி வாயைத் திறந்தாள்.

வெரானோ என்று வந்தது.

அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. நாலு வருடமாகத் தூக்கத்திலும் அந்தப் பொய்ச் சரணத்தையே உருப்போட்டிருந்திருக்கிறாள். யாராவது மறுபடி பாடச் சொன்னால் தடுமாறக் கூடாதே என்று. நாக்கு இப்போது தானாக அங்கே போய் நின்றது. வயலின்காரர் திரும்பிப் பார்த்தார். எல்பினிகி கையைத் தூக்கி வாத்தியங்களை நிறுத்தினாள். கூட்டம் சலசலத்தது, பிறகு அடங்கிற்று. அவள் கண் வாசல் பக்கம் போனது. அங்கே நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். வெயிலின் புழுக்கம் இன்னும் இறங்கவில்லை. அவ்வளவுதான்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள் ஒலிபெருக்கியில். "வார்த்தை மாறிப்போச்சு. மறுபடி ஆரம்பிக்கிறேன்."

எர்மானோ என்று பாடினாள். குரல் உடைந்துதான் வந்தது. சாவி துருவேறட்டும் என்று முடித்தபோது ப்ரோத்ரோமோஸின் இருமல் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பின் இருபத்தைந்து வருடம் பாடினாள். ஏழு இசைத்தட்டுகள். மார்செய், தூனிஸ், இஸ்மிர், நேப்பிள்ஸ் என்று துறைமுகம் துறைமுகமாகப் போய்ப் பாடினாள். பெரிய பணக்காரி ஆகவில்லை, பெரிய புகழும் இல்லை. வானொலிக்காரர்களுக்கு அவளை எந்த வகையில் சேர்ப்பது என்று கடைசிவரை தெரியவில்லை. அட்டையில் வார்த்தையும் அர்த்தமும் அச்சிடாமல் ஒரு தட்டும் அவள் விடவில்லை. அதனால் பின்பக்கம் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், கம்பெனிக்காரர்கள் திட்டுவார்கள்.

ரெய்னா எழுபத்தொன்பதில் இஸ்ரேலிலுள்ள ஹைஃபாவுக்கு, ஒன்றுவிட்ட தங்கை மகளோடு இருக்கப் போய்விட்டாள். இரண்டு வருடம் கழித்து எல்பினிகிக்கு அந்த ஊரில் ஒரு கச்சேரி கிடைத்தது. ரெய்னா வந்தாள். கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். மூன்றாவது சரணம் வந்தபோது அரங்கில் பாதிப் பேர் கூடவே பாடினார்கள். அங்கே அந்தப் பேச்சு தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள். எல்பினிகி அதை எதிர்பார்க்கவில்லை. தாளம் தவறி, அடுத்த வரியை அவர்களே பாட விட்டுவிட்டு நின்றாள்.

முடிந்ததும் ரெய்னா மேடைக்குப் பின்னால் வந்தாள்.

"ஒலிபெருக்கி ரொம்பச் சத்தம். அந்த வயலின்காரன் உன்னைப் பாடவே விட மாட்டேங்கிறான்."

"சரிக்கா."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"வா, வீட்டுல கத்தரிக்காய் வச்சிருக்கேன்."

மறுநாள் மத்தியானம் கப்பலுக்கு நேரமாகும்வரை இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பட்டறை மேஸ்திரியின் தலைமுடியைப் பற்றி, ஸ்டெர்யோஸின் முழங்கால் வலியைப் பற்றி, ப்ரோத்ரோமோஸ் நாற்பத்தெட்டு வயதில் கல்யாணம் செய்துகொண்டதைப் பற்றி. பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.